14-ம் பக்கத்துக்கு ஒரே தட்டு!

வீட்டுப் பெரியவர்களின் மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, ஆபரேஷன் விவரம் எல்லாவற்றையும் ஒரே கூகுள் டாக்ஸ் கோப்பில் எழுதி, உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் பகிர்ந்து வைப்பது நல்ல பழக்கம். ஆனால், இரண்டு வருடத்தில் அது 20 பக்கம் வளர்ந்துவிடும். நள்ளிரவில் டியூட்டி டாக்டர், ‘‘இவருக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காதா?’’ என்று கேட்கும்போது, 14-ம் பக்கத்தில் இருக்கும் அந்த ஒரு வரியைத் தேடி போன் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்க முடியுமா?

இதற்குத்தான் புக்மார்க். படித்த பக்கம் மறக்காமலிருக்க பஸ் டிக்கெட்டைச் செருகி வைப்போமே, அதேதான். இதைக் கணினியில் செய்வது சுலபம். அந்த வரியின் தொடக்கத்தில் கர்சரை வைத்து, ‘இன்செர்ட்’ மெனுவில் ‘புக்மார்க்’கைச் சொடுக்குங்கள். நீல நிறத்தில் சிறு அடையாளம் தோன்றும். பிறகு முதல் பக்கத்துக்கு வந்து, ‘ஒத்துக்கொள்ளாத மருந்துகள்’ என்று எழுதி, அதைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல், கே இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் பெட்டியில் ‘ஹெடிங்ஸ் அண்ட் புக்மார்க்ஸ்’ என்ற பகுதியில் நீங்கள் வைத்த அடையாளம் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. நடுவில் எத்தனை பக்கம் சேர்த்தாலும் அடையாளம் அந்த வரியோடு சேர்ந்தே நகரும். வரியை அழித்தால் மட்டும் அதுவும் போய்விடும்.

முதல் பக்கத்தில் நாலைந்து இணைப்புகள் போதும். இருபது வைத்தால் மறுபடியும் தேடல்தான்.

அங்கேயே இமெயில் இணைப்பும் வையுங்கள். மருத்துவமனையில் சேர்த்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டுமே! ‘இன்ஷூரன்ஸுக்கு எழுத’ என்று எழுதி, அதே கன்ட்ரோல், கே பெட்டியில் அவர்களின் இமெயில் முகவரியைக் கொடுங்கள். தட்டினால் மெயில் எழுதும் இடம் திறக்கும். பெறுநர் முகவரி தானாக நிரம்பியிருக்கும். பக்கத்திலேயே பாலிசி எண்ணை எழுதிவிடுங்கள். இதில் ஒரு சிக்கல். முகவரி அந்தச் சொற்களுக்குப் பின்னால் மறைந்திருப்பதால், ஓர் எழுத்து பிசகினாலும் கண்ணில் படாது. ஒருமுறை தட்டி, முகவரியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத விஷயம், அனுமதி. இணைப்பு வெறும் வழிதான், சாவி அல்ல. தம்பியின் இமெயில் முகவரியை ‘ஷேர்’ பகுதியில் சேர்க்காவிட்டால், அவர் தட்டும்போது அனுமதி கேட்கும் பக்கம்தான் வரும். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தால்? அதற்காக ‘எனிஒன் வித் த லிங்க்’ என்று திறந்து வைத்துவிடாதீர்கள். அந்த இணைப்பு எந்த வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனாலும், அங்கே இருக்கும் எல்லோரும் அப்பாவின் நோய் விவரத்தைப் படிக்கலாம்.

சில மருத்துவமனைகளில் சிக்னலே கிடைக்காது. டாக்ஸ் ஆப்பில் கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தட்டி, ‘மேக் அவெய்லபிள் ஆஃப்லைன்’ என்பதை இன்றே தேர்ந்தெடுங்கள். அப்படியே அம்மாவின் போனிலும்!