பிள்ளைகளுக்கு விற்கும் குலுக்கல்

லாட்டரிச் சீட்டை 2003-லேயே ஒழித்த மாநிலம் தமிழ்நாடு. இன்று அதே மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகள் கைபேசியில் குலுக்கல் வாங்குகிறார்கள். வீடியோ கேம்களில் இதற்கு லூட் பாக்ஸ் என்று பெயர்; பிள்ளைகள் பேச்சில் க்ரேட். ரூபாயைக் கட்டி விளையாட்டு நாணயம் வாங்கி, அதைச் செலுத்திப் பெட்டியைத் திறக்க வேண்டும். துப்பாக்கியின் தோற்றத்தை மாற்றும் அரிய ஸ்கின் வரலாம்; பெரும்பாலும் ஒன்றுக்கும் உதவாததுதான் வரும். சிறுவர் விளையாடும் எந்த கேமிலும் இந்த விற்பனை இருக்கக் கூடாது என்று சட்டம் சொல்ல வேண்டும்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற பழைய வழக்காடலுக்கு அதில் இடமில்லை. காசு கொடுத்து வாங்கும் நாணயமும் டோக்கனும்கூடப் பந்தயப் பொருள்தான் என்கிறது. ஆனால் லூட் பாக்ஸ் என்று பெயர் சொல்லவில்லை. பரிசு பணமாகக் கைக்கு வராதபோது இது எப்படிச் சூதாகும் என்று நிறுவனங்கள் வாதாட வழி இருக்கிறது. 18 வயதுக்குட்பட்டோருக்குத் தடை, நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது என்ற தமிழ்நாட்டின் விதிகள் செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் தீர்ப்பளித்தது. அவையும் ரம்மி, போக்கர் போன்ற பண ஆட்டங்களோடு நின்றுவிட்டன.

லூட் பாக்ஸ் வெறும் வியப்பு, குழந்தைகள் வாங்கும் கிண்டர் முட்டை மாதிரி என்று 2019-ல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு முன் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் நிறுவனம் வாதிட்டது. ஏற்க முடியாத வாதம். முட்டைக்குள் என்ன இருந்தாலும் சாக்லேட் மிஞ்சும். வாங்கிய பிறகு அதன் உள்ளிருப்பை யாரும் மாற்றவும் முடியாது. லூட் பாக்ஸின் வாய்ப்பு விகிதமோ நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது.

அதை மாற்றியும் இருக்கிறார்கள். தென்கொரியாவின் நெக்ஸான் நிறுவனம் மேப்பிள் ஸ்டோரி விளையாட்டில் க்யூப் என்ற பொருளை விற்றது. ஆயுதத்தின் திறன்களைக் குலுக்கி மாற்றித் தருவது அதன் வேலை. ஆட்டக்காரர்கள் மிகவும் விரும்பிய திறன்கள் வரும் வாய்ப்பை 2010-ல் நிறுவனம் சத்தமில்லாமல் குறைத்தது. 2011 முதல் 2021 வரை சில சேர்க்கைகளின் வாய்ப்பு பூஜ்யம். எத்தனை முறை வாங்கினாலும் வரவே வராத ஒன்றுக்காக மக்கள் ஏறக்குறைய பத்தாண்டுகள் பணம் கட்டியிருக்கிறார்கள். 2024 ஜனவரியில் அந்நாட்டு வணிகப் போட்டி ஆணையம் 1,160 கோடி வான் அபராதம் விதித்தது. நம் கணக்கில் சுமார் 70 கோடி ரூபாய். இவ்வளவுக்குப் பிறகும் நிறுவனங்களின் தன்னொழுங்கே போதும் என்று சொல்பவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும்.

தடை எழுதினால் மட்டும் தீராது என்பதற்கு பெல்ஜியம் சாட்சி. காசுக்கு விற்கும் லூட் பாக்ஸ்கள் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாக 2018-ல் அந்நாட்டுச் சூதாட்ட ஆணையம் அறிவித்தது. சில பெரிய நிறுவனங்கள் பின்வாங்கின. பின்னர் ஓர் ஆய்வாளர் அங்கு அதிக வருவாய் ஈட்டிய 100 ஐபோன் கேம்களைச் சோதித்தார். 82-ல் லூட் பாக்ஸ் இருந்தது. பிடித்துக் கேட்க ஆளில்லை.

பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும் என்பார்கள். நம் வீடுகளில் கைபேசி அம்மாவுடையது, யுபிஐ அப்பாவுடையது. அதனால் கேமின் கண்ணில் பத்து வயதுப் பிள்ளையும் பெரியவர்தான். வயதைக் கேட்டுப் பெட்டியைத் திறக்கும் ஏற்பாடு இங்கே பலிக்காது. ஆகவே, சிறுவர்கள் பயன்படுத்தக்கூடிய கேம்களில் லூட் பாக்ஸே கூடாது என்று 2025-ல் பிரேசில் இயற்றிய சட்டம்தான் நமக்குப் பொருந்தும். மத்திய அரசு அதே தடையை நம் சட்டத்தில் சேர்க்க வேண்டும். பெரியவர்களுக்கான கேம்களில் ஒவ்வொரு பெட்டியின் விலையும் ரூபாயில் தெரிய வேண்டும். வாய்ப்பு விகிதத்தை வெளித் தணிக்கையாளர் சரிபார்க்க வேண்டும். மீறும் கேமை நீக்கும் பொறுப்பையும், நீக்காவிட்டால் அபராதத்தையும் கூகுள், ஆப்பிள் நிறுவனங்களின் ஆப் ஸ்டோர்கள் மீது சுமத்த வேண்டும். இந்த விற்பனையில் 30 சதவீதம் வரை கமிஷன் எடுப்பவை அவைதான்.