பொக்லைன் இறங்குமுன் மனு இறங்கட்டும்!



வெள்ளிக்கிழமை சாயங்காலம் நோட்டீஸ் ஒட்டுவது, சனிக்கிழமை விடியுமுன் கதிர் முற்றிய வயலில் பொக்லைனை இறக்குவது! இது நிர்வாகமா, வழிப்பறியா?

கேட்டால், "சர்க்கார் மேல கேஸ் போட ரெண்டு மாசம் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும்" என்று நம்மையே மிரட்டுகிறார்கள். பாதியை மறைத்துப் பேசுகிறார்கள்! அவசரமென்றால் கோர்ட் அனுமதியோடு நோட்டீஸ் இல்லாமலே வழக்குப் போடலாம் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80(2). அரசியல் சட்டம் 226இன் கீழ் ஐகோர்ட்டில் ரிட் மனுப் போட அந்த நோட்டீசே வேண்டாம். தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைக்கு 2004 முதல் மதுரைக் கிளை. திருவாரூர், நாகைக்குச் சென்னை. காலையில் வக்கீல் அவசரத்தைச் சொல்லி, நீதிபதி அனுமதித்தால் அன்று மதியமே 'லஞ்ச் மோஷன்' விசாரணை.

வெறுங்கையோடு போனால் ஸ்டே கிடைக்காது. பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், வந்த நோட்டீஸ், பயிர் நிற்கும் போட்டோ, தாசில்தாருக்குக் கொடுத்த மனுவின் ஒப்புகைச் சீட்டு எல்லாம் இன்றே ஒரு பையில் இருக்கட்டும். நாள் கடத்தினால், "இத்தனை நாள் எங்கே போனீர்கள்?" என்றுதான் கேள்வி வரும். பிரமாணப் பத்திரத்தில் எதையும் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் வாங்கிய ஸ்டேயும் போய்விடும்.

காசில்லையா? பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தாலுகா சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள். சங்கத்திலிருந்து நாங்கள் கூட வருகிறோம்.

நோட்டீசைக் கையில் கொடு! பதில் சொல்ல அவகாசம் கொடு! அறுவடை முடியும்வரை வயலில் கால் வைக்காதே!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்