யோக்கியதையும் வாக்குரிமையும்

1954-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 11-ஆம் நாள், தெற்குத் தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரிய திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் அழைப்பை ஏற்று விடுதலை தினம் கொண்டாடத் திரண்ட ஜனங்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர் என்ற செய்தி, வடக்கே நைனி சிறையில் இருந்த டாக்டர் ராம் மனோகர் லோகியாவுக்கு எட்டியபோது, அவர் செய்த காரியத்தை நம் குமரி மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் இன்னும் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது என் மனக்குறை. அவர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுக் காரியதரிசி. திருவனந்தபுரத்தில் முதலமைச்சராக வீற்றிருந்த பட்டம் தாணுபிள்ளையோ அதே கட்சியைச் சேர்ந்தவர். நிராயுதபாணிகளான மக்களைச் சுட்டுவிட்ட பின்பு ஒரு சோஷலிஸ்ட் மந்திரிசபைக்குப் பதவியில் நீடிக்க யோக்கியதை இல்லை, உடனே ராஜினாமாச் செய்து விசாரணைக்கு வழிவிட வேண்டும் என்று சிறைக்குள் இருந்தபடியே தந்தி மூலம் தம் சொந்தக் கட்சியின் ஆட்சியைக் கேட்டார் லோகியா.

அப்படிக் கேட்பதற்கு எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவும் அவருக்குத் துணை நிற்கவில்லை. 117 ஸ்தானங்கள் கொண்ட சட்டசபையில் 19 பேரை மட்டுமே வைத்திருந்த ஒரு கட்சி, காங்கிரசின் ஆதரவில் மந்திரிசபை அமைத்ததும் சட்டப்படி செல்லும். துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அது பதவியில் ஒட்டிக்கொண்டிருந்ததும் சட்டப்படி செல்லும். ஆனால் செல்லுபடியாவது எல்லாம் செய்யத்தக்கது ஆகிவிடாது என்ற ஒரு நியாயம் பொதுவாழ்வில் உண்டென்றும், அந்த நியாயத்தை எதிர்க்கட்சிக்காரன் மீது பிரயோகிக்கும் முன்பாகத் தன் கட்சிக்காரன் மீது பிரயோகிப்பவனே அதைச் சொல்லும் அருகதை பெறுகிறான் என்றும் லோகியா நம்பினார். கட்சி அவர் சொல்லைக் கேட்கவில்லை. அவர் காரியதரிசிப் பதவியைத் துறந்தார். அடுத்த ஆண்டில் கட்சியையே விட்டு வெளியேற்றப்பட்டார். நம் மண்ணில் சிந்திய ரத்தத்துக்காகத் தம் அரசியல் வாழ்வைப் பணயம் வைத்த அந்த வடநாட்டாருக்கும் நமக்கும் மொழியால் ஓர் உறவும் இல்லை, ஜாதியால் ஓர் உறவும் இல்லை.

அரசியல் மரபு என்று நாம் சொல்வதெல்லாம் இந்த ஒரு தந்தியில் அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன். அதிகாரத்தில் யார் அமரலாம், அவரை அமர்த்துவதில் யாருக்குக் குரல் உண்டு என்ற இரண்டு கேள்விகளும் வெவ்வேறானவை போலத் தோன்றினாலும் அவை பிரிக்க முடியாத ஒரே விவகாரம் என்பதற்குக் குமரி மாவட்டத்தின் சரித்திரத்தைக் காட்டிலும் தெளிவான சாட்சியம் வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

1798-இல் திருவிதாங்கூரில் பாலராம வர்மா பட்டத்துக்கு வந்தபோது வயதில் மிக இளையவர். திவான் ராஜா கேசவதாஸைப் போன்ற நிர்வாக நிபுணர் ஒருவர் அவமதித்து ஒதுக்கப்பட்டு, அவருடைய இடத்தில் ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி அமர்ந்தார். கஜானாவுக்குச் சங்கரநாராயணன் செட்டியும் வியாபார நிர்வாகத்துக்கு மாத்து தரகனும் வந்து சேர்ந்தனர். அரண்மனையின் பிரியத்தைத் தவிர நாட்டை ஆள்வதற்குரிய வேறு யோக்கியதை நம்பூதிரியிடம் இருந்ததாகச் சரித்திரக்காரர் எவரும் எழுதவில்லை. கஜானா காலி, ஆகவே பணமுள்ளவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று தயாரிக்கப்பட்டது. பட்டியலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திருவனந்தபுரத்துக்கு வரவழைக்கப்பட்டு, இவ்வளவு தொகை கட்டு என்று நிர்ப்பந்திக்கப்பட்டனர். இரணியல் காரியக்காரராக இருந்த தலக்குளத்து வேலுத்தம்பியிடம் கேட்கப்பட்ட தொகை 3,000 ரூபாய். மூன்று நாள் தவணை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர் பணம் திரட்டவில்லை. நாஞ்சில் நாட்டு ஜனங்களைத் திரட்டினார். 1799-இல் அந்தக் கூட்டம் திருவனந்தபுரம் கோட்டை வாசலில் போய் நின்றபோது, நம்பூதிரியை நாடு கடத்துவதைத் தவிர இளைய மகாராஜாவுக்கு வேறு வழி இருக்கவில்லை.

இந்தக் கதையைப் பெருமிதத்தோடு சொல்வது நம்மவர் வழக்கம். பெருமிதத்துக்கு இடம் உண்டுதான். ஆனால் அதன் பிற்பகுதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மற்ற இருவருக்கும் சவுக்கடி கிடைத்தது, காதுகள் அறுக்கப்பட்டன. விசாரணை என்று ஒன்று நடைபெறவில்லை. பின்னர்த் தளவாய்ப் பொறுப்பேற்ற வேலுத்தம்பியின் ஆட்சியும் நேர்மைக்குப் பெயர் பெற்ற அளவுக்கு அதன் கொடிய தண்டனைகளுக்கும் பெயர் பெற்றது. மேலும், நாஞ்சில் நாட்டின் நாட்டார் கூட்டங்கள் அரசனையே எதிர்த்துத் தீர்மானம் செய்யும் துணிவு படைத்தவை என்றாலும், அவற்றில் உட்கார்ந்து பேசியவர்கள் நிலமுடையவர்கள். அந்த நிலத்தில் முழங்கால் சேற்றில் நின்று நாற்று நட்டவளுக்கும், வரப்பு வெட்டியவனுக்கும், மேலாடை அணியும் உரிமைக்கே போராட வேண்டியிருந்த குடும்பங்களுக்கும் அங்கே இடமில்லை. தகுதியற்ற மூவரை ஒரு கிளர்ச்சி வெளியேற்ற முடிந்தது. அடுத்து வருபவர் தகுதியுடையவராக இருப்பதற்கு அந்தக் கிளர்ச்சி ஒரு விதியையும் விட்டுச் செல்லவில்லை.

அந்த விதிக்காக ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1888-இல் திருவிதாங்கூரில் சட்டசபையும், 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபையும் ஏற்பட்டன. சமஸ்தானங்களுக்குள் முன்மாதிரி என்று அவை புகழப்பட்டன. ஆயினும் வாக்குரிமை நிலவரியின் அளவைப் பொறுத்திருந்தது. வரி கட்டும் அளவுக்கு நிலமில்லாத லட்சக்கணக்கான உழைப்பாளிகள் பிரஜைகளாக இருந்தார்களே தவிர வாக்காளர்களாக இல்லை. சர்க்கார் உத்தியோகங்களும் சில வகுப்பாரின் கையிலேயே குவிந்து கிடந்தன. 1932-இல் வந்த சீர்திருத்தமும் சொத்தையே அளவுகோலாக வைத்தபோது, ஈழவரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களில் பெரும் பகுதியினரும் கூடித் தேர்தலையே புறக்கணிப்பது என்று முடிவு செய்தனர். நிவர்த்தனப் போராட்டம் என்று அதற்குப் பெயர். அதன் கோரிக்கைகளை ஊன்றிப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பார்கள்: சட்டசபையில் பிரதிநிதித்துவம் வேண்டும் என்பதும், உத்தியோக நியமனத்தில் நியாயம் வேண்டும் என்பதும் அங்கே ஒரே மூச்சில் கேட்கப்பட்டன. 1935-இல் கோழஞ்சேரியில் பேசிய பேச்சுக்காக அந்தப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவரான சி. கேசவன் சிறை சென்றார். அடுத்த ஆண்டு, 1936-இல், டாக்டர் ஜி.டி. நோக்ஸ் திருவிதாங்கூரின் பப்ளிக் சர்வீஸ் கமிஷனராகப் பொறுப்பேற்றார். சர்க்கார் வேலை என்பது திவானின் தயவு அல்ல, பரீட்சையும் முறையும் சார்ந்தது என்ற கொள்கைக்கு முதன்முதலாக ஓர் அலுவலகம் கிடைத்தது. வாக்குரிமையும் விரிந்தது. 1948-இல், இந்தியக் குடியரசு பிறப்பதற்கும் முன்பாகவே, வயது வந்தோர் எல்லோரும் வாக்களித்த ஒரு தேர்தலைத் திருவிதாங்கூர் கண்டது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் தலைவர் நேசமணியும் அவருடைய தோழர்களும் தெற்குத் தாலுகாக்களின் தமிழ் ஜனங்களுடைய அபிப்பிராயத்தை எண்ணிக் காட்டியது அந்தத் தேர்தலில்தான். 1956 நவம்பர் முதல் நாள் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் கல்குளமும் விளவங்கோடும் தமிழ்நாட்டோடு சேர்ந்ததற்கு, குண்டுக்கு மார்பு காட்டியவர்களின் தியாகம் எவ்வளவு காரணமோ, பெட்டியில் விழுந்த வாக்குகளும் அவ்வளவு காரணம்.

அமெரிக்காவும் இதே பாடத்தைத் துன்பப்பட்டே கற்றது. வெற்றி பெற்ற கட்சி தன் ஆட்களுக்கு உத்தியோகங்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் வழக்கம் அங்கே நெடுங்காலம் இருந்தது. 1881-இல் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டவன், தனக்கு வெளிநாட்டில் ஓர் உத்தியோகம் தரவில்லை என்ற ஏமாற்றத்தில் சுட்டான். அதன் பின்புதான், 1883-இல், பரீட்சையின் வழியே உத்தியோகம் தரும் பெண்டில்டன் சட்டம் பிறந்தது. கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கு உண்மையான காவலான சட்டம் 1965-இல் வந்தது. வாக்குரிமையைக் குறைக்கும் பழைய வரலாறு கொண்ட மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் சம்மதம் பெற வேண்டும் என்ற அதன் முக்கிய ஏற்பாட்டை 2013-இல் உச்ச நீதிமன்றம் செயலற்றதாக்கிற்று. மந்திரிகளின் நியமனத்தைச் செனட் சபை பரிசீலிக்க வேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்கிறதே தவிர, எந்தத் தகுதியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதை மரபு பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். 2025 ஜனவரியில், தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தியவரும் முன்னாள் ராணுவ அதிகாரியுமான பீட் ஹெக்செத்துக்குப் பாதுகாப்புத் துறையைக் கொடுக்கும் தீர்மானத்தில் வாக்குகள் 50-க்கு 50 என்று நின்று, உப ஜனாதிபதியின் வாக்கால் அது நிறைவேறியது. இவ்வளவு பெரிய பொறுப்புக்குச் சபையின் சரிபாதிப் பேர் தகுதியில்லை என்று சொன்ன ஒருவரை அமர்த்துவது சட்டப்படி செல்லும். மரபு அங்கே தோற்றுவிட்டது என்றே நான் சொல்வேன்.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். தேர்தல் கமிஷனரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பாராளுமன்றம் சட்டம் செய்து தீர்மானிக்கட்டும் என்று அரசியல் சாசனத்தை எழுதியவர்கள் விட்டுவைத்தார்கள். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சட்டம் வரவில்லை. சேஷனைப் போன்ற ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தபோது அதன் வலிமை தெரிந்தது. ஆனால் அது மனிதரின் வலிமையாக இருந்ததே ஒழிய முறையின் வலிமையாக இல்லை. 2022 நவம்பரில், முந்தின நாள் அரசுப் பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி மறுநாள் தேர்தல் கமிஷனராக நியமிக்கப்பட்ட வேகத்தை உச்ச நீதிமன்றமே வியந்து கேட்டது. 2023 மார்ச்சில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பாராளுமன்றம் சட்டம் செய்யும் வரை பிரதம மந்திரியும் எதிர்க்கட்சித் தலைவரும் தலைமை நீதிபதியும் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே சட்டம் வந்தது. தலைமை நீதிபதி இருந்த இடத்தில் பிரதமர் பெயர் குறிக்கும் ஒரு மத்திய மந்திரி உட்கார்ந்தார். மூவரில் இருவர் ஆளும் தரப்பினர். நியமிக்கப்படுகிறவர் உத்தமராகவே இருக்கலாம். ஆனால் போட்டியில் நிற்கும் ஒரு தரப்பு மட்டுமே நடுவரைத் தேர்ந்தெடுக்கும் முறை, அந்த உத்தமர்க்கும் அநியாயம் செய்கிறது, ஏனென்றால் அவருடைய சரியான தீர்ப்பையும் ஜனங்கள் சந்தேகத்தோடு பார்க்கும்படி ஆகிவிடுகிறது.

மாநில அரசுகளுக்கும் இதில் பங்கு குறைவில்லை. 2016-இல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு ஒரே மூச்சில் 11 உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டார்கள். முறையான பரிசீலனை இன்றி நடந்ததென்று சொல்லி அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் 11 நியமனங்களையும் ரத்துச் செய்தது. கிராம நிர்வாக அலுவலர் வேலைக்குப் பரீட்சை எழுத நாகர்கோவில் நூலகத்தில் விளக்கணையும் மட்டும் படிக்கும் பிள்ளையிடம் நாம் கேட்கும் தகுதியில் ஒரு பங்கையாவது, அந்தப் பிள்ளையைத் தேர்ந்தெடுக்க வேண்டியவரிடம் கேட்க வேண்டாமா?

ஊராட்சிகளின் கதையும் இதுவே. 2016 முதல் 2019 வரை உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை. ஆட்சி ஒரு கட்சியுடையது. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு நம் மாவட்டம் உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் வந்து அமர்ந்தார்கள். ஆட்சி வேறொரு கட்சியுடையது. ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் கட்டளை. எழுதிய கட்டளைக்கே இந்தக் கதி.

இப்போது வாக்காளர் பட்டியலுக்கு வருகிறேன், ஏனென்றால் நியமனத்தின் பலனும் வாக்குரிமையின் பலனும் சந்திக்கும் இடம் அதுதான். 2025 நவம்பரில் தேர்தல் கமிஷன் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பர் 19-ஆம் தேதி வெளியான வரைவுப் பட்டியலிலிருந்து தமிழ்நாட்டில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் நீங்கின. அவற்றில் இறந்தவர்களின் பெயர்களும் இரட்டைப் பதிவுகளும் இருந்தன; அவை நீங்க வேண்டியவையே. ஆனால் மிகப் பெரும் பகுதி, குடிபெயர்ந்தவர் என்றும் முகவரியில் காணப்படாதவர் என்றும் குறிக்கப்பட்டவர்கள். காணப்படாதவர் என்ற சொல் நீரோடி முதல் இரையுமன்துறை வரையிலான நம் கடலோரத்தில் என்ன பொருள் தரும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த எட்டு ஊர்களின் ஆண்மக்கள் ஆழ்கடல் தொழிலாளர்கள். கொச்சித் துறைமுகத்தில் விசைப்படகு ஏறினால் வாரக்கணக்கில் கரையைப் பார்க்க மாட்டார்கள். 2017-இல் ஒக்கி புயலுக்குப் பின் அவர்களைத் தேடி அலைந்த விதத்தில், அவர்கள் எங்கே இருப்பார்கள் என்று அரசாங்கம் அறிந்துகொண்டிருக்க வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலராக வரும் பெண் பெரும்பாலும் ஓர் அங்கன்வாடிப் பணியாளர். தன் அன்றாட வேலையோடு இந்தச் சுமையையும் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறார். வீட்டில் மனைவி இருக்கிறாள். கணவனுக்காக அவளே கையெழுத்திடலாம் என்று விதி இடம் தருகிறது. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலில் அவனுடைய பெயரோ அவன் தகப்பன் பெயரோ எந்தப் பாகத்தில், எத்தனையாவது எண்ணில் இருக்கிறது என்று படிவம் கேட்கிறது. பழைய பட்டியலில் ‘அந்தோணி’ என்றிருப்பது அட்டையில் ‘அந்தோனி’ என்றிருக்கிறது. ‘சூசை’ ஓரிடத்தில் ‘சூசையா’ ஆகியிருக்கிறது. அவளோ பொழியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளுடைய தாய் தகப்பன் பெயர் கேரளத்துப் பட்டியலில், மலையாள எழுத்தில் கிடக்கிறது. அலுவலர் நல்லவர்தான், உதவ மனமுள்ளவர்தான். அவருக்கும் மலையாளம் படிக்கத் தெரியாது.

ஒருமுறை பட்டியலில் ஏறிய பெயர் தகுந்த விசாரணையின்றி நீங்கக் கூடாது என்றும், ஐயம் இருந்தால் ஆதாரம் காட்ட வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் 1995-இல் லால் பாபு ஹுசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி, பல தேர்தல்களாக நமக்குப் பாதுகாப்பாக இருந்தது. அந்த நெறியின் ஆத்மா, நிரூபிக்கும் பாரத்தைச் சர்க்காரின் தோளில் வைத்தது. இந்தத் திருத்தமோ அந்தப் பாரத்தைத் தூக்கி வள்ளவிளையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒரு கிழவியின் தோளில் வைத்துவிட்டது. இதை எந்தக் கட்சி ஆதரிக்கிறது, எந்தக் கட்சி எதிர்க்கிறது என்பதை வைத்து நான் அபிப்பிராயம் சொல்லவில்லை.

இனி வரும் ஒவ்வொரு திருத்தத்திலும் மாவட்ட நிர்வாகம் செய்யக்கூடியவை சில உண்டு. அவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. நீக்கப்படும் பெயர்களைக் காரணத்தோடு கிராம சபையில் உரக்க வாசிக்கலாம். விசாரணை நாளை, படகுகள் கரை சேரும் ஈஸ்டர், கிறிஸ்துமஸ் காலங்களை ஒட்டி வைக்கலாம். கேரளத்துப் பழைய பட்டியலைத் தேடித் தருவதற்கு மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவரை எல்லையோர ஊர்களில் அமர்த்தலாம்; விளவங்கோடு தாலுகாவில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை. கொச்சியில் தோப்பும்படித் துறைமுகத்தில் நம் மாவட்டத்து அலுவலர் ஒருவர் மேசை போட்டுப் படிவத்தோடு உட்காரும்படி கேரள நிர்வாகத்தோடு பேசி ஏற்பாடு செய்யலாம். கிராம சபையைக் கூட்டி இவற்றை வற்புறுத்தத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் வேண்டும். ஆகவே ஊராட்சித் தேர்தலுக்கான தேதி முதலில் அறிவிக்கப்பட வேண்டும்.