நூல் நோக்கு: தண்டவாளமும் கதையும்

வயாலிக்காவலில் வாழும் அன்பர் ஒருவர் நமக்கு மடல் வரைந்துள்ளார். 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்திற்குரிய கதைநூல் ஒன்றை வாங்கித் தருமாறு அவருடைய மைந்தன் அடம்பிடிக்கின்றானாம். விலையோ சிறிதன்று, அட்டையிலோ பூதமும் நாகமும். வாங்குவது தகுமா என்று வினவுகின்றார். நாவல்களையும் கட்டுரைத் தொகுதிகளையும் நோக்கிவந்த இப்பகுதியில் ஆட்டநூலை எடுத்துக்கொள்வது நேயர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், இங்கே மல்லேஸ்வரத்தில் நம் சங்கத்துப் பிள்ளைகள் நால்வர் இவ்வாட்டத்தில் ஆர்வம் கொண்டிருப்பதை அறிந்தபின், வாளா இருத்தல் முறையன்று எனத் துணிந்தோம்.

ஆட்டத்தை அறியாதார் பொருட்டுச் சில சொற்கள். அமெரிக்க நாட்டினராகிய கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் ஆக்க, 1974-ஆம் ஆண்டில் வெளிவந்தது இது. நால்வர் ஐவர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ தம்மைப் பாவித்து, தாம் செய்யப்போவதை வாயினால் உரைப்பர். அது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை தீர்த்துவைக்கும். காயும் கட்டமும் இருந்தால் இருக்கட்டும், இல்லையேல் குறைவில்லை. பேச்சே ஆட்டம். கதை நடத்துவோர் தாமே கதை புனையலாம். அதற்குப் பொழுதில்லாதார்க்கு ஆயத்தக் கதைகள் அச்சில் கிடைக்கின்றன. அன்பர் கேட்பது அத்தகைய நூலையே.

இவற்றை மதிப்பிடுவது எளிதன்று. நாவலைப் படித்து முடித்தால் அதன் நிறைகுறை விளங்கிவிடும். கதைநூலோ படிக்கும்போது முடிவதில்லை, ஆடும்போதுதான் முடிகிறது. ஏட்டில் இனித்தது மேசையில் கசக்கலாம். படித்தபோது வெறும் பட்டியலாகத் தோன்றியது பிள்ளைகளின் வாயில் விழுந்ததும் உயிர் பெறலாம்.

ஆடுவோர் எதைச் செய்தாலும் கதை தான் எண்ணிய வழியிலேயே அவர்களை இழுத்துச் செல்லுமாயின், அக்குற்றத்திற்கு இத்துறையினர் இட்ட பெயர் 'ரெயில்ரோடிங்'. இரயில்வேயில் எழுத்தராயிருக்கும் நமக்கு இப்பெயரைக் கேட்டதும் சற்று மனத்தாங்கல் ஏற்பட்டது என்பதை மறைப்பானேன்? தண்டவாளத்தைவிட்டு விலகாமையை நாம் நற்குணமாகவே கருதி வந்திருக்கிறோம்! ஆயினும் எண்ணிப் பார்க்குங்கால் நியாயம் அவர்கள் பக்கமே. பிரயாணிக்குத் தண்டவாளம் நலம். ஆடுபவன் பிரயாணி அல்லன். 1984-இல் தொடங்கிய டிராகன்லான்ஸ் வரிசையின்மீது இக்குற்றம் பெரிதும் சாற்றப்பட்டது. அதே கதை நாவலாகவும் வந்தமையால், நாவலின் வழியிலேயே ஆடுவோரும் செல்ல வேண்டியதாயிற்று. எழுதி முடித்த கதையில் ஆடுவதற்கு என்ன இருக்கிறது?

இதற்கு மறுதலை கைகாக்ஸே எழுதிய 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்'. எல்லைப்புறத்தில் ஒரு கோட்டை. சிறிது தொலைவில் பகைவர் உறையும் குகைகள். கோட்டையில் உள்ளாருக்கு ஆசிரியர் பெயரும் இடவில்லை. தொழிலை மட்டும் குறித்துவிட்டு, பெயரிடும் உரிமையைக் கதை நடத்துவோர்க்கே விட்டார். சோம்பல் என்று முதலில் எண்ணினோம். பின்னரன்றோ அக்கோட்டைக் கொல்லனுக்குச் சுப்பையா ஆசாரி என்று பெயர் வைத்தாலும் தடையில்லை என்பது விளங்கியது! அவரே எழுதிய 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' வேறு வகை. 1975-இல் போட்டிக்கென அமைத்து 1978-இல் அச்சிட்ட அந்நூலில் அடிக்கு அடி மரணப்பொறி. முதிர்ந்தோர் ஆடி மகிழட்டும். சிறுவர் கையில் தருவதற்கு உரியதன்று.

அன்பரின் மைந்தன் கேட்பது 2014-இல் வெளியான தொடக்கப் பெட்டி. விதிநூல் 32 பக்கம், 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர்' என்னும் கதைநூல் 64 பக்கம், பகடைகள் ஆறு, ஆயத்தமான பாத்திரங்கள் ஐந்து. இதனைச் சங்கக் கூடத்தில் அந்நால்வரையும் வைத்து நாமே மூன்று ஞாயிறு நடத்திப் பார்த்தோம்.

முதல் ஞாயிறு தோல்வி என்றே சொல்ல வேண்டும். பிழையில் ஒரு பாதி நம்முடையது. கட்டமிட்ட பத்திகளை உரக்கப் படிக்குமாறு நூல் பணிக்கிறது. நாமும் ஆங்கிலத்திலேயே படித்தோம். பிள்ளைகள் வகுப்பில் அமர்ந்திருப்பதுபோல் கைகட்டிக் கேட்டனர். மறுபாதி நூலின் பிழை. வழியில் அம்பு தைத்து இறந்துகிடக்கும் இரு குதிரைகள், புதரில் பதுங்கிய நான்கு கோப்ளின் என்னும் குள்ளப் பூதங்கள் என்று தொடக்கம் விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் முதற்படியில் நிற்கும் வீரர்களுக்கு அந்தச் சண்டை மிகக் கடுமை. நால்வரில் இருவர் வீழ்ந்தனர். வீழ்ந்த வீரனுக்கு உரிய சிறுவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வீடு சென்றான். புதியோர்க்கென எழுதும் ஆசிரியர் இதனை எண்ணியிருத்தல் வேண்டும். பெற்றோர் நடத்துவதாயின் நான்கு பூதங்களை இரண்டாக்குக.

இரண்டாம் ஞாயிறு நூலை மூடிவைத்துவிட்டுத் தமிழில் சொன்னோம். கன்னடமும் ஆங்கிலமும் பள்ளியில் பயின்று, வீட்டில் தமிழில் கேட்டால் ஒற்றைச் சொல்லில் விடையிறுக்கும் சிறுமி ஒருத்தி அவர்களுள் இருந்தாள். குகையில் ஈமிக் என்றொரு பூதம் ஒருவரைப் பிணையாகப் பிடித்துவைத்துக்கொண்டு, தன் தலைவனைக் கொன்று தலையைக் கொணர்ந்தால் பிணையாளியை விடுவதாகப் பேரம் பேசுகிறது. பகைவனையும் பேச வைத்ததே இந்நூலின் தலையாய சிறப்பு. எட்டாவது கிராஸில் பூ வாங்கும் தன் பாட்டியைப் போலவே அச்சிறுமி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பேரத்திற்கு நின்றாள். தலைக்கு ஓர் ஆள் போதாதாம். வழியில் பறித்த மூட்டைகளையும் திருப்பித் தர வேண்டுமாம். கால் மணி நேரத்திற்குக் குறையாமல் தமிழில் வாதாடினாள். நடுவே 'ஜாஸ்தி ஆய்து' என்று கன்னடமும் வந்தது; வரட்டுமே! அவளை அழைத்துச்செல்ல வந்த தாயார் வாயிற்படியிலேயே நின்றுவிட்டார்.

ஆதலின், நம் குடும்பங்களுக்கு இந்நூல்களை நிறுக்கும் கோல் ஒன்று உண்டு: தமிழில் சொல்ல இந்நூல் இடம் தருகிறதா? நீண்ட வருணனைப் பத்திகளை ஒப்பிக்கச் சொல்லும் நூல் தராது. இடம், ஆள், அவனுடைய ஆசை ஆகியவற்றைச் சுருங்கச் சொல்லி விலகிக்கொள்ளும் நூல் தரும். எஞ்சிய பகுதிகளைப் படித்த அளவில், ஃபேண்டலின் என்னும் சிற்றூர்ப் பகுதி இவ்வகையில் நன்று. பின்னர் வரும் பச்சை நாகம் இளையோர்க்கு ஆபத்து.

நம் நாட்டுப் பொருள் இந்நூல்களில் இல்லையா என்று கேட்பர். உண்டு, எவ்வாறு உண்டு என்பதே வினா. 1977-இல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' என்னும் துணைநூலில் நம் இராட்சதன் புலித்தலையுடன் புகைக்குழாய் பிடித்துக்கொண்டு வீற்றிருக்கிறான். சமயகுரு ஆசி கூறிய விற்பொறி அம்பு ஒன்று தைத்தால் மாண்டுபோவானாம். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றிலிருந்து வந்த கற்பனை அது. இராமாயணம் கேட்டு வளர்ந்த பிள்ளை படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகும். கேளாத பிள்ளை மெய்யென்றே கொள்ளும். 2022-இல் வந்த 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடெல்' என்னும் தொகுதி போற்றத்தக்க மாற்றம். அதிலுள்ள பதின்மூன்று கதைகளுள் ஒன்றை எழுதியவர் நம் நாட்டு எழுத்தாளர் மிமி மண்டல். வங்கத்து ஆற்றுப்புறங்களை நினைவூட்டும் நிலம் அதன் களம். ஆனால் ஒன்பதாம் படியினர்க்குரிய கதை அது, தொடக்கத்தில் பயன்படாது. காவிரிக்கரையில் நிகழும் கதை அத்தொகுதியில் இல்லை.

அதனை நாமே எழுதலாமே என்போர்க்கு ஒரு செய்தி. 2023 ஜனவரியில் ஆட்டத்தின் அடிப்படை விதித்தொகுதியைப் பொது உரிமத்தில் வெளியிட்டுவிட்டனர். மூலத்தைக் குறிப்பிட்டு எவரும் மொழிபெயர்க்கலாம், அதன்மேல் புதுக்கதை கட்டலாம். கதைநூல்களுக்கு அவ்வுரிமை இல்லை, விதிகளுக்கே உண்டு. சங்கத்தில் தமிழ் கற்பிக்கும் அன்பர்கள் இதனை நோக்குவார்களாக.

வயாலிக்காவல் அன்பர் பெட்டியை வாங்கலாம். வாங்கி மைந்தன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்குவதாயின் வேண்டா. தாமே முன்கூட்டிப் படித்துத் தமிழில் நடத்துவதாயின் வாங்குக. அதற்கும் முன்னர், மைந்தனுடன் அடுத்த ஞாயிறு மாலை நான்கு மணிக்குச் சங்கக் கூடத்திற்கு வருக. மூன்றாம் ஞாயிறன்று பிள்ளைகள் பூதத் தலைவனின் தலையைக் கொய்துவிட்டனர். ஈமிக் சொன்ன சொல்லைக் காப்பானா என்று அன்றுமுதல் நம்மைத் துளைத்தெடுக்கின்றனர். விடை நூலில் இருக்கிறது. அவர்களும் இவ்விதழைப் பார்ப்பார்கள் ஆதலால் இங்கே எழுதோம்.