என்ஜின் வராத விமானம்!

பணக்காரர்கள் சொந்தமாக வாங்கிப் பறக்கும் சிறிய ஜெட் விமானங்களைச் செய்வதில் பலத்த போட்டி உண்டு. பிரான்சு நாட்டின் டசால்ட் கம்பெனியும் அந்தப் போட்டியில் இருக்கிறது.

2013-ம் ஆண்டில் அது "பால்கன் 5எக்ஸ்" என்ற விமானத்தை அறிவித்தது. உடலைச் செய்வது டசால்ட். என்ஜினைச் செய்வதோ சப்ரான் என்ற வேறு கம்பெனி.

உடல் தயார், என்ஜின் தயாராகவில்லை! காற்றை அழுத்தும் பகுதியில் கோளாறு. மாப்பிள்ளை வராத கல்யாண வீடு போல ஆயிற்று டசால்டின் நிலை.

2017 டிசம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. அமெரிக்காவின் கல்ப்ஸ்டிரீம் கம்பெனியோ, 2014-ல் அறிவித்த "ஜி500" விமானத்தை 2018-ல் வாடிக்கைக்காரரிடம் கொடுத்துவிட்டது!

பிறகு, பிராட் அண்ட் விட்னி கம்பெனி கனடாவில் செய்யும் என்ஜினைப் பூட்டி, "பால்கன் 6எக்ஸ்" விமானத்தை டசால்ட் உருவாக்கியது. அது சேவைக்கு வந்தது 2023-ல். பத்து ஆண்டுகள் போயின!

குற்றம் என்ஜின் கம்பெனியின் மீது மட்டுமா? இல்லை. என்ஜின் மாறினால் விமானத்தின் அமைப்பே மாறவேண்டும். அது தெரிந்தும், இன்னும் தேறாத என்ஜினை நம்பி நாள் குறித்தது டசால்டின் தவறு.

பிறர் கையில் உள்ள பொருளை நம்பி வாக்குக் கொடுக்கலாகாது. விமானக் கம்பெனிக்கும் இதுதான், வீட்டுக்கும் இதுதான்!