1922இன் தீ எல்லாவற்றையும் தின்றுவிடவில்லை

டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தின் பொது ஆவணக் காப்பகம் 1922 ஜூன் 30 அன்று எரிந்தது. எனவே 18ஆம் நூற்றாண்டு ஐரிஷ் மூதாதையரைத் தேடுவது வீண் என்கிறார்கள். தீ உண்மை. முடிவு தவறு.

எரிந்தது எது என்று கேட்க வேண்டாமா? அயர்லாந்து திருச்சபை எனும் ஆங்கிலிக்கன் பிரிவின் பங்குப் பதிவேடுகளில் பாதிக்கு மேல் அங்கே சாம்பலாயின. கத்தோலிக்கப் பதிவேடுகளோ பங்குகளிலேயே இருந்தன. அயர்லாந்து தேசிய நூலகம் அவற்றை நுண்படச் சுருள்களில் பதிவுசெய்து, 2015இல் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது.

உண்மையான தடை வேறு. கத்தோலிக்கரை ஒடுக்கிய தண்டனைச் சட்டங்களும் வறுமையும் பதிவெழுதுவதையே தாமதப்படுத்தின. வெக்ஸ்ஃபோர்ட் நகரில் பதிவு 1671இலேயே தொடங்குகிறது. மேற்குக் கடலோரப் பங்குகள் பலவற்றில் 1820க்குப் பிறகுதான். ஆகவே எந்தப் பங்கு என்று தெரியாமல் யாரும் கைவிரிக்கக் கூடாது.

ஏடு கிடைத்தால் அது தருவது கொஞ்சமல்ல. ஞானஸ்நானக் குறிப்பில் பெரும்பாலும் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரும் ஞானப்பெற்றோர் பெயர்களும் இருக்கும். அந்த ஞானப்பெற்றோர் பல வேளைகளில் சித்தப்பாவோ அத்தையோதான். ஜேம்ஸை ‘யாக்கோபுஸ்’ என்று லத்தீனில் எழுதியிருப்பார்கள். அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

ஏடு இல்லாத இடத்தில் 1708 முதலான பத்திரப் பதிவகம் இருக்கிறது. ஆளி பயிரிட்டவர்களின் 1796ஆம் ஆண்டுப் பட்டியலில் ஏறத்தாழ 60,000 பெயர்கள் உள்ளன. நிலமற்ற கூலி இவற்றில் சிக்காமல் போகலாம். ஆனால் கிடைக்கவில்லை என்பதைத் தேடிப் பார்த்த பிறகு சொல்லுங்கள்.