நூற்றுக்கு நூறு

நான் படித்த தனியார் பள்ளி வாசலில் ‘100 சதத் தேர்ச்சி’ என்று தட்டி வைப்பார்கள். எப்படி வந்தது அந்த நூறு?

எங்க சேரியிலிருந்து ரெண்டு பேர் போனோம். ஒன்பதாவது முடிந்ததும் அவன் கையில் டி.சி.யைத் திணித்தார்கள். ‘இவனுக்கெல்லாம் இந்தப் படிப்பு சரிவராதுப்பா’ என்றார் தாளாளர், அவன் அப்பாவை நிற்கவைத்தே.

பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். எட்டாம் வகுப்பு முடியும்வரைதான். 25 சத இடமும் அதுவரைதான். அதற்கப்புறம் இவர்கள் சல்லடை வேலை செய்கிறது.

தோற்பான் என்று நினைத்தவனை முன்கூட்டியே துரத்திவிட்டு மிச்சத்தை எண்ணுவதற்குப் பெயர் திறமையாம்!

நான் தேறினேன். அந்த நூறில் நானும் இருக்கிறேன். அவன் கணக்கிலேயே இல்லை.

தோழர்களே, இடஒதுக்கீட்டால் தகுதி கெட்டது என்பவனிடம் கேளுங்கள்: டி.சி. கொடுத்துத் துரத்தியது எத்தனை பேரை?